கிளைவ் சல்லிவன்: 1972இல் பிரிட்டன் ரக்பி லீக் அணியின் கேப்டன்

ஹம்பர் செல்வன்

கால்பந்துப் பகுதியில் ஒரு நண்பர், "இங்கிலாந்து கால்பந்து அணிக்கு 1993இல் பால் இன்ஸ் கேப்டன் ஆனார், பிரிட்டனில் தேசிய அணியை வழிநடத்திய முதல் கறுப்பினத்தவர் அவர்தான்" என்று எழுதியிருந்தார். இங்கிலாந்து கால்பந்துக்கு அது சரி. மொத்த பிரிட்டனுக்கும் சரியில்லை. அதற்கு 21 வருடம் முன்பே கிளைவ் சல்லிவன் பிரிட்டன் ரக்பி லீக் அணியின் கேப்டனாக இருந்தார். அதே ஆண்டு உலகக் கோப்பையையும் வென்றார். அதற்குப் பிறகு இன்றுவரை பிரிட்டனோ இங்கிலாந்தோ அந்தக் கோப்பையை வென்றதில்லை. இவருக்கென்று நம் தளத்தில் ஓர் இழைகூட இல்லை என்பதால் தொடங்குகிறேன்.

1943 ஏப்ரலில் வேல்ஸின் கார்டிஃப் நகரில், ஸ்ப்ளாட் பகுதியில் பிறந்தவர். சிறு வயதில் கால்களில் பல அறுவை சிகிச்சைகள். ஒழுங்காக நடப்பதே சிரமம் என்று மருத்துவர்கள் சொன்ன பையன். பள்ளி முடிந்து ராணுவத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு ரக்பி ஆட்டத்தில் இறக்கிவிடப்பட்டு ஓடிப் பார்த்தபோதுதான், கால் தாங்குகிறது என்று அவருக்கே தெரிந்தது.

பிராட்ஃபோர்ட் நார்தர்ன் கிளப்பில் சோதனை ஆட்டம் ஆடினார், எடுக்கவில்லை. 1961இல் ஹல் கிளப் கூப்பிட்டது. அணிப் பட்டியலில் அவர் பெயர் "மிஸ்டர் எக்ஸ்". லீக் ஆடினார் என்று தெரிந்தாலே யூனியன் பக்கம் கதவு மூடிவிடும் காலம் அது, அதனால் சோதனைக்கு வருபவர்களின் பெயரை மறைத்துத்தான் ஆட வைப்பார்கள். மிஸ்டர் எக்ஸ் அன்று மூன்று ட்ரை (பந்தை எதிரணிக் கோட்டுக்குள் கொண்டுபோய் வைப்பது) போட்டார். மறுநாளே ஒப்பந்தம்.

பிறகு ஹல் அணிக்கு 352 ஆட்டம், 250 ட்ரை. 1968இல் டான்காஸ்டருக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஏழு. அதே வருட உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிராக மூன்று.

1972இன் தொடக்கத்தில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டங்களில் கேப்டன் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அந்த அக்டோபர்-நவம்பரில் பிரான்ஸில் உலகக் கோப்பை. பெர்பிஞானில் ஆஸ்திரேலியாவை 27-21, கிரெனோபிளில் பிரான்ஸை 13-4, போ நகரில் நியூசிலாந்தை 53-19. லியோனில் இறுதி ஆட்டம், மறுபடி ஆஸ்திரேலியா. சல்லிவன் தன் அணியின் பாதியில் பந்தை வாங்கி, ஏறக்குறைய மைதானம் முழுக்க ஓடிப் போட்ட ட்ரை இருக்கிறதே, அதைத் தேடிப் பாருங்கள். துரத்துகிறவர்கள் நல்ல ஓட்டக்காரர்கள். அப்படியும் இடைவெளி குறையவே இல்லை.

இங்கே நான் சொல்ல வந்தது ஒன்று. இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் "முதல் கறுப்பினக் கேப்டன்" என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பெரிய விஷயம்தான், நானும் அதிலிருந்துதான் தொடங்கினேன். ஆனால் அவர் அந்த இடத்துக்கு எப்படி வந்தார், வந்து என்ன செய்தார் என்பது அதில் மறைந்துபோகிறது. ஆட்டத்தைப் பற்றியும் பேசுவோம்.

---

தேன்மொழி

அருமையான தொடக்கம் அண்ணா. எனக்கு ரக்பி என்றால் கொஞ்சம்தான் தெரியும். லீக், யூனியன் இரண்டும் வேறா? ஒன்று ஆடினால் இன்னொன்றில் ஏன் கதவு மூடும்?

---

கார்டிஃப் தமிழ்

நான் சொல்கிறேன் தேன்மொழி. 1895 ஆகஸ்ட் வரை ஒரே விளையாட்டு. வட இங்கிலாந்தில் ஆடியவர்கள் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு வந்தால் அந்த நேரக் கூலி போய்விடும். அதை ஈடுகட்டக் கிளப்கள் பணம் கொடுக்கலாமா என்பதுதான் சண்டை. தலைமை ஒத்துக்கொள்ளவில்லை. ஹடர்ஸ்ஃபீல்டில் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்குக் கிளப்கள் பிரிந்துபோயின. அதுதான் பிறகு லீக் ஆனது. காலப்போக்கில் விதிகளும் மாறின: 15 பேருக்குப் பதில் 13 பேர், பந்து வைத்திருக்கும் அணிக்கு இத்தனை டேக்கிள்தான் (பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்து நிறுத்துவது) என்ற கணக்கு, இன்று அது ஆறு.

லீக்கில் காசு வாங்கியவரை யூனியன் வாழ்நாளுக்கும் தள்ளிவைக்கும். இது 1995இல் யூனியனும் சம்பளம் கொடுக்கத் தொடங்கும்வரை நீடித்தது. வேல்ஸில் யூனியன்தான் உயிர். அங்கிருந்து லீக் ஆடப் போவதை "வடக்கே போவது" என்பார்கள். போனவருக்குத் திரும்பி வர வழி கிடையாது.

இப்போது செல்வன் அண்ணா தொட்ட இடத்துக்கு வருகிறேன். கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே, ஸ்ப்ளாட் பகுதிகளிலிருந்து மட்டும் எத்தனை கறுப்பின இளைஞர்கள் வடக்கே போனார்கள் பாருங்கள். பில்லி பாஸ்டன் விகானுக்கு, ஜானி ஃப்ரீமன் ஹாலிஃபாக்ஸுக்கு, காலின் டிக்சன் ஹாலிஃபாக்ஸ் போய் பிறகு சால்ஃபோர்ட், சல்லிவன் ஹல். பாஸ்டன் லீக்கில் 571 ட்ரை போட்டவர்! சொந்த ஊர் கார்டிஃப் யூனியன் கிளப் அவரைக் கூப்பிடவே இல்லை. வேல்ஸ் யூனியன் அணியில் 1980கள் வரை ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. இத்தனை திறமை ஒரே ஊரில் இருந்தும்.

---

யூனியன்காரன்

தகவலுக்கு நன்றி. ஆனால் ஓர் ஆட்சேபம். வடக்கே போனவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். டேவிட் வாட்கின்ஸ் வேல்ஸ் கேப்டனாக இருந்தவர், 1967இல் சால்ஃபோர்ட் போனார். காரணம் பணம். யூனியனில் ஒரு பைசா கிடையாது, லீக்கில் கையெழுத்துக்கே வீட்டு விலை கிடைக்கும். ஏழைக் குடும்பத்துப் பையன் எங்கே போவான்? எல்லாவற்றையும் நிறத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

---

கார்டிஃப் தமிழ்

பணம் பெரிய காரணம், அதில் நமக்குள் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன வாட்கின்ஸையே எடுத்துக்கொள்வோம். அவர் வேல்ஸுக்கு ஆடி, கேப்டனாகி, அதற்குப் பிறகு விலைபேசிப் போனார். பாஸ்டனும் ஃப்ரீமனும் சல்லிவனும் போனது பதின்ம வயதில் அல்லது அதைத் தாண்டிய கையோடு. வேல்ஸ் சட்டை தமக்குக் கிடைக்கும் என்று நம்ப அவர்கள் முன்னால் ஓர் உதாரணம்கூட இல்லை. ஒருவருக்கு இரண்டு வழி இருந்தது, இவர்களுக்கு ஒன்று. பணத்தை மட்டும் வைத்து இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது நண்பரே.

---

பழைய ரசிகர்

கார்டிஃப் தம்பி சொல்வது சரி. ஆனால் லீக் பக்கம் எல்லாம் சுத்தம் என்றும் நினைத்துவிட வேண்டாம். ராய் ஃபிரான்சிஸ் என்று ஒருவர். வேல்ஸின் பிரின்மாரில் வளர்ந்தவர், கறுப்பினத்தவர், அற்புதமான விங்கர் (மைதான ஓரத்தில் ஆடுகிறவர்). 1946இல் ஆஸ்திரேலியா போன பிரிட்டன் அணியில் அவர் இல்லை. ஆஸ்திரேலியாவில் அப்போது இருந்த நிறத்தடைதான் காரணம் என்பது ஊரறிந்த விஷயம். மறு வருடம் பிரிட்டனுக்கு ஆடினார், ஒரே ஓர் ஆட்டம்.

பாஸ்டன் கதையும் கேளுங்கள். 1957 உலகக் கோப்பை முடிந்து ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பும் வழியில் அணி தென்னாப்பிரிக்காவில் காட்சி ஆட்டங்கள் ஆடியது. அங்கே நிறவெறிச் சட்டம். அணி அங்கே போனது, பாஸ்டன் தனியாக வீட்டுக்கு விமானம் ஏறினார். அணி அங்கே போக மறுத்திருக்கலாமே? மறுக்கவில்லை. இந்த விளையாட்டை நான் நேசிக்கிறேன், இருந்தாலும் இது என்னை இன்றும் உறுத்துகிறது.

இன்னொன்று. அந்த ராய் ஃபிரான்சிஸ்தான் 1961இல் ஹல் அணியின் பயிற்சியாளர். மிஸ்டர் எக்ஸ் வந்து இறங்கியது அவர் அணியில். வீரர்களின் மனநிலை, குடும்பச் சூழல் இதையெல்லாம் பயிற்சியின் பகுதியாகப் பார்த்தவர், அந்தக் காலத்தில் அப்படி யோசித்தவர்கள் மிகக் குறைவு. பிறகு லீட்ஸ் போய் 1968 சேலஞ்ச் கோப்பையை (லீக் கிளப்களுக்கான நாக்அவுட் கோப்பை) வென்றார். பதினெட்டு வயதில் சல்லிவன் வந்து சேர்ந்த இடத்தில் தலைமையில் ஒரு கறுப்பினத்தவர் இருந்தார். கேப்டன் சல்லிவனைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

---

சிட்னி குமரன்

சல்லிவன் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் 1972 கோப்பை என்று கொண்டாடும்போது லாங்லண்ட்ஸ் ட்ரையைச் சொல்லாமல் போகலாமா? இறுதி ஆட்டத்தில் எங்கள் கேப்டன் கிரேம் லாங்லண்ட்ஸ், உதைத்து அனுப்பிய பந்தைப் பாய்ந்து பிடித்துக் கோட்டுக்குள் வைத்தார். பிரெஞ்சு நடுவர் ஆஃப்சைடு என்றார். படத்தைப் பாருங்கள், அவர் பந்துக்குப் பின்னால்தான் இருந்தார். அந்த ட்ரை கொடுக்கப்பட்டிருந்தால் கோப்பை சிட்னிக்கு வந்திருக்கும். ஆட்டமே 10-10 சமன், கூடுதல் நேரத்திலும் யாரும் புள்ளி எடுக்கவில்லை. சமனில் முடிந்த ஆட்டத்துக்கு எப்படிக் கோப்பை?

---

ஹம்பர் செல்வன்

குமரன், லாங்லண்ட்ஸ் விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன். அது நல்ல ட்ரை. லீக் வரலாற்றிலேயே மிக அழகான ட்ரைகளில் ஒன்றாக இருந்திருக்கும். பிரிட்டன் வீரர்களே பின்னாளில் அப்படித்தான் பேசினார்கள்.

கோப்பை ஏன் பிரிட்டனுக்கு என்றால், சமனில் முடிந்தால் முதல் சுற்றில் மேலே இருந்த அணிக்கு என்பது முன்பே வகுத்த விதி. பிரிட்டன் மூன்றிலும் வென்றிருந்தது. அதில் ஒன்று உங்கள் அணிக்கு எதிரான வெற்றி. அந்தத் தொடரில் இரண்டு அணிகளும் இரண்டு தடவை மோதின, ஆஸ்திரேலியா ஒன்றிலும் வெல்லவில்லை.

ஆட்டப்போக்கையும் பாருங்கள். முதல் பாதியில் நீங்கள் முன்னிலை. அதைச் சமன்செய்தது சல்லிவன் ஓட்டம். பிறகு உங்கள் பீட்சன் ட்ரையோடு உங்களுக்கு 10-5. கடைசிக் கட்டத்தில் ஹூக்கர் மைக் ஸ்டீஃபன்சன் உள்ளே புகுந்தார், டெர்ரி கிளாசன் கன்வர்ஷனை (ட்ரைக்குப் பிறகு உதைத்து எடுக்கும் இரண்டு புள்ளி) உதைத்தார், 10-10. ட்ரைக்கு அப்போது மூன்று புள்ளிதான். இரண்டு முறை பின்தங்கி இரண்டு முறையும் மேலே வந்த அணி அது. வெறும் அதிர்ஷ்டத்தில் இது நடக்காது.

வருத்தமான விஷயம் வேறு. அத்தனை பெரிய ஆட்டத்தைப் பார்க்க லியோன் அரங்கத்துக்கு வந்தவர்கள் சுமார் 4,000 பேர். பிரிட்டன் கேப்டன் கோப்பையைத் தூக்கியபோது இருக்கைகள் பெரும்பாலும் காலி. இதே காட்சி லண்டனில் நடந்திருந்தால் இன்று இந்த இழைக்கே தேவை இருந்திருக்காது.

---

சிட்னி குமரன்

விதி விதிதான், ஒத்துக்கொள்கிறேன். லாங்லண்ட்ஸ் ட்ரையை மட்டும் விடமாட்டேன்.

---

எண் பாண்டியன்

எனக்கு ஒரு கேள்வி. லீக்கில் கேப்டன் என்றால் பெரும்பாலும் நடுவில் ஆடுகிறவர்: ஹாஃப்பேக், ஹூக்கர், லூஸ் ஃபார்வர்டு. ஒவ்வொரு டேக்கிளிலும் பந்து அவர் பக்கம் வரும், அவர்தான் ஆட்டத்தை நகர்த்துவார். விங்கர் ஓரத்தில் நிற்பவர். பத்து நிமிடம் பந்தையே தொடாமல் இருக்கலாம். அப்படிப்பட்டவரைக் கேப்டனாக்கியதில் ஆட்டரீதியாக என்ன நியாயம்? இதைச் சரியாக விளக்காவிட்டால் "அடையாளத்துக்காகக் கொடுத்தார்கள்" என்று சொல்கிறவர்களுக்குப் பதில் இருக்காது.

---

பழைய ரசிகர்

நல்ல கேள்வி பாண்டியன். முதலில் ஒன்று: 1972இல் பிரிட்டனில் அடையாளத்துக்காக யாரும் எதுவும் கொடுக்கவில்லை. அதனால் யாருக்கும் லாபமும் இல்லை. கால்பந்தில் விவ் ஆண்டர்சன் இங்கிலாந்து முழு அணிக்கு முதல் கறுப்பின வீரராக இறங்கியதே 1978இல். அதற்கும் ஆறு வருடம் முன்பு நடந்தது இது. தேர்வாளர்கள் துணிச்சல் காட்டினார்கள் என்றும் நான் சொல்லமாட்டேன். அவர்கள் இதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

அப்புறம் விங்கர் கேள்வி. சல்லிவனின் ட்ரை எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அவரை வெறும் ஓட்டக்காரர் என்று நினைக்கிறோம். கூட ஆடியவர்கள் அதிகம் பேசுவது அவருடைய தடுப்பைப் பற்றி. எதிர் ஓரத்தில் யாராவது உடைத்துக்கொண்டு ஓடினால், மைதானத்தைக் குறுக்கே வெட்டி வந்து விழுத்துவார். அடுத்தவர் விட்ட பிழைக்கு ஓடிவந்து ஈடுகட்டுகிறவரைப் பற்றி அணிக்குள் என்ன நினைப்பார்கள்? அந்த மரியாதையை வாங்க நடுவில் நிற்க வேண்டியதில்லை.

திட்டங்களை நகர்த்த அணியில் ஸ்டீவ் நாஷ் போன்றவர்கள் இருந்தார்கள். கேப்டனிடம் வேண்டியிருந்தது நிதானம். அந்தக் கால லீக்கில் முதல் இருபது நிமிடம் கைகலப்புதான் பாதி. பார்வையாளர் கூட்டத்திலிருந்து கேட்கக் கூடாததெல்லாம் கேட்டு வளர்ந்தவர் சல்லிவன். அதற்கெல்லாம் கொதித்துத் தன் ஆட்டத்தைக் கெடுத்துக்கொண்டவர் இல்லை. ஆத்திரமான ஆட்டத்தில் அப்படி ஒரு ஆள் முன்னால் நின்றால் மற்றவர்களும் அடங்குவார்கள்.

---

எண் பாண்டியன்

இது எனக்கு ஏற்புடைய பதில். எண்களும் ஒத்துப்போகின்றன. 1972 உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்களிலும் ஒவ்வொன்றிலும் ஒரு ட்ரை. ஓரத்தில் நிற்கும் கேப்டன் தொடர் முழுக்க அணியை ஸ்கோர் பலகையில் ஏற்றியிருக்கிறார். பிரிட்டனுக்கு மொத்தம் 17 ஆட்டம், வேல்ஸுக்கு 15.

---

தேன்மொழி

அவர் ஹல் அணியிலேயே கடைசிவரை இருந்தாரா? ஹல் நகரத்தில் இரண்டு அணி என்று எங்கோ படித்தேன்.

---

ஹம்பர் செல்வன்

தேன்மொழி, என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வந்துவிட்டீர்கள்.

ஹல் நகரை ஹல் ஆறு இரண்டாகப் பிரிக்கிறது. மேற்கே மீன்பிடித் தொழிலாளர்கள், அவர்கள் அணி ஹல் எஃப்.சி., கறுப்பு வெள்ளைச் சட்டை, அப்போது பூல்வார்டு மைதானம். கிழக்கே துறைமுகத் தொழிலாளர்கள், அவர்கள் அணி ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ், சிவப்பு வெள்ளை, கிரேவன் பார்க். எந்தக் கரையில் பிறந்தீர்களோ அந்த அணி. கல்யாண வீட்டில்கூட இதை வைத்துத் தனித்தனியாக உட்காருகிறவர்கள் உண்டு.

சல்லிவன் 13 வருடம் மேற்குக் கரைக்கு ஆடிவிட்டு 1974இல் ஆற்றைத் தாண்டி ரோவர்ஸுக்குப் போனார். அந்த வருடம்தான் எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருதும் கிடைத்தது. 31 வயது, கால் ஓய்ந்திருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ரோவர்ஸுக்கு 213 ஆட்டம், 118 ட்ரை! ஒரே நகரின் இரண்டு எதிரி அணிகளுக்கும் நூறு ட்ரைக்கு மேல் போட்டவர்.

1980 மே மாதம் சேலஞ்ச் கோப்பை இறுதி, வெம்பிளி. மோதியது ஹல்லும் ரோவர்ஸும். மொத்த ஊரும் லண்டனுக்குக் கிளம்பியது. ஊரைவிட்டு வெளியே போகும் சாலையில் "கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிடுங்கள்" என்று பலகை எழுதி வைத்திருந்தார்கள். ரோவர்ஸின் ரோஜர் மில்வார்டு தாடை உடைந்தும் கடைசிவரை ஆடினார். ரோவர்ஸ் 10-5. சல்லிவனுக்கு 37 வயது, வாழ்க்கையில் முதல் சேலஞ்ச் கோப்பை, அதுவும் தன்னை வளர்த்த அணியைத் தோற்கடித்து.

அதற்காக மேற்குக் கரை அவரை வெறுத்ததா? இல்லை. திரும்ப ஹல் கிளப்புக்கே வந்தார். 1982 சேலஞ்ச் கோப்பையில் விட்னஸ் அணியோடு இறுதி ஆட்டம் 14-14 சமன். லீட்ஸில் மறு ஆட்டம். ஆள் தேவைப்பட்டது, 39 வயது சல்லிவன் விங்கில் இறங்கினார். ஹல் 18-9 என்று வென்றது. இரண்டு கரைக்கும் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் என்று இன்றும் இரண்டு பக்கமும் அவரைச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். இந்த ஊரில் வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இங்கே அதைவிடப் பெரிய மரியாதை இல்லை.

---

யூனியன்காரன்

இதைப் படித்த பிறகு அவருடைய ஆட்டங்களைத் தேட ஆரம்பித்துவிட்டேன். ஓட்டத்தின் நீளமான அடிகள் கண்ணில் நிற்கின்றன. வேல்ஸ் யூனியன் சட்டையில் இவரை நினைத்துப் பார்த்தால் ஏக்கமாக இருக்கிறது. கார்டிஃப் தமிழ், நிறம் குறித்து நீங்கள் சொன்னதில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை, ஆனால் வாட்கின்ஸ் ஒப்பீடு யோசிக்க வைத்தது. பின்னாளில் என்ன செய்தார்?

---

ஹம்பர் செல்வன்

அதிக காலம் கிடைக்கவில்லை. 1985 அக்டோபர் 8, புற்றுநோய். 42 வயது. ஆட்டத்தை நிறுத்தி மூச்சு வாங்கக்கூட நேரம் இல்லை.

அவர் இறந்த பிறகு, மேற்கிலிருந்து ஹல் நகருக்குள் வரும் ஏ63 சாலையின் முக்கியப் பகுதிக்கு கிளைவ் சல்லிவன் வே என்று பெயர் வைத்தார்கள். ஹம்பர் பாலத்துக்குப் பக்கத்தில் போகும் சாலை. லண்டனிலிருந்தோ லீட்ஸிலிருந்தோ காரில் வருகிற யாரும் அதில்தான் நுழைய வேண்டும். இரண்டு ஹல் அணிகளும் அவர் பெயரில் ஒரு நினைவுக் கோப்பைக்காகவும் ஆடியிருக்கின்றன. மகன் ஆந்தனியும் விங்கர்தான். ரோவர்ஸ், செயின்ட் ஹெலன்ஸ், வேல்ஸ் அணிகளுக்கு ஆடினார்.

---

கார்டிஃப் தமிழ்

எங்கள் ஊருக்குத்தான் தாமதமாக நினைவு வந்தது. 2023 ஜூலையில் கார்டிஃப் விரிகுடாவில் மூன்று பேருக்குச் சேர்த்து ஒரு சிலை திறந்தார்கள்: பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன், கிளைவ் சல்லிவன். பாஸ்டன் உயிரோடு இருந்து அதைப் பார்த்தார். 2025இல் அவருக்கு சர் பட்டமும் வந்தது. லீக்குக்காக அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். 130 வருட விளையாட்டுக்கு முதல் பட்டம்! இறந்தவர்களுக்கு அந்தப் பட்டம் கொடுக்கும் வழக்கம் இல்லை, ஆகவே சல்லிவனுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. உலகக் கோப்பை வென்ற கேப்டன் என்றால் பிரிட்டனில் கால்பந்தின் பாபி மூரைத் தெரியாதவர் இல்லை. லீக்கின் கேப்டனை வடக்கே மட்டும் தெரியும் என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

---

பழைய ரசிகர்

பொறுக்கக் கூடாதுதான். ராய் ஃபிரான்சிஸுக்குத் தனி இழை தொடங்குங்கள் தம்பி. 1946 பற்றியும் லீட்ஸ் காலம் பற்றியும் எழுத எனக்கு நிறைய இருக்கிறது.

---

கார்டிஃப் தமிழ்

இன்றிரவே தொடங்குகிறேன் ஐயா. குமரன், நீங்களும் வாருங்கள். ஃபிரான்சிஸ் பிறகு சிட்னியில் நார்த் சிட்னி அணிக்கும் பயிற்சி கொடுத்தவர். அந்தப் பகுதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.